ரெண்டு இடத்திலிருந்து ஐபி (நெட்வொர்க் அட்ரஸ்) வருது, பிரிண்டர் பேரும் சரியா கிடைக்கல. உதவுங்க

வணக்கம் நண்பர்களே. டியூஷன் சென்டர்ல 12 கம்ப்யூட்டர், ஒரு நெட்வொர்க் பிரிண்டர் இருக்கு. மோடத்துக்கு அடுத்து ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) போட்ட ரூட்டர், அதோட அட்ரஸ் 192.168.10.1. டிஹெச்சிபி (கம்ப்யூட்டர்களுக்குத் தானா ஐபி குடுக்குற வசதி) 192.168.10.100-லிருந்து 200 வரை, லீஸ் (ஒரு அட்ரஸ் ஒதுக்கப்படுற காலம்) 12 மணி நேரம். பிரிண்டரோட மேக் அட்ரஸை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) வெச்சு அதுக்கு 192.168.10.20-ஐ ஒதுக்கி, 'பிரிண்டர்.லேன்'னு பேரும் குடுத்துட்டேன்.

காலையில ஆன் பண்ணும்போது மூணு நாலு கம்ப்யூட்டருக்கு 192.168.1.-ல தொடங்குற அட்ரஸ் வந்துடுது. அந்த கம்ப்யூட்டர்ல 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடிச்சா டிஹெச்சிபி சர்வர்னு 192.168.1.1 காட்டுது. அது மோடம். மோடத்தை ஆஃப் பண்ணிட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினா சரியான அட்ரஸ் வருது. மோடத்திலிருந்து வர்ற ஒயர் ரூட்டரோட வான் போர்ட்ல (வெளி இணைப்புக்கான போர்ட்) தான் இருக்கு, கையால தடவிப் பார்த்துட்டேன். ஆனா கம்ப்யூட்டரையெல்லாம் இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்லிருந்து இன்னொரு ஒயர் சுவருக்குள்ள போகுது. அதோட மறுமுனை மோடத்துல இருக்குமோன்னு சந்தேகம்.

மோடத்துல டிஹெச்சிபியை நிறுத்திட்டு, ரூட்டரோட வான் பக்கம் 192.168.1.2-னு நிலையா போட்டா போதுமா? இல்ல, அந்த ஒயரைக் கண்டுபிடிச்சுப் பிடுங்குறதுதான் சரியா? எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு தோணுது. ஏன்னா அந்த ஒயர் இருக்கிற வரைக்கும் ரெண்டு நெட்வொர்க்கும் ஒண்ணாத்தான் கிடக்கும்.

இன்னொண்ணு. சில பிள்ளைங்க போன்ல 'பிரைவேட் டிஎன்எஸ்'ல (பேரை வெச்சு ஐபி அட்ரஸைத் தேடுற சர்வரை நாமளே குறிப்பிடுற செட்டிங்) வெளி சர்வர் பேர் போட்டிருக்காங்க. அதுல மட்டும் 'பிரிண்டர்.லேன்' திறக்கல, அதை ஆஃப் பண்ணினா உடனே திறக்குது. ஒவ்வொரு போனா வாங்கி மாத்தாம, ரூட்டர்லயே இதுக்கு வழி இருக்கா? அடுத்த வாரம் பிள்ளைங்களுக்கு மாதிரித் தேர்வு, வினாத்தாள் எல்லாம் அந்த பிரிண்டர்லதான் எடுக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.