கண்ட்ரோல்+வலது அம்பு அடிக்கோட்டில் நிற்க என்ன செய்யணும்?

ஓடும்கர்சர்:
விண்டோஸில் விஎஸ் கோட் எடிட்டர் பயன்படுத்துகிறேன். பயனர்_முகவரி_பட்டியல் மாதிரி நீளமான பெயர்கள் எங்கள் கோடில் ஏராளம். நடுவில் இருக்கும் முகவரியை மட்டும் மாற்றலாம் என்று கண்ட்ரோலோடு வலது அம்பை அழுத்தினால் ஒரே தாவலில் மொத்தப் பெயரையும் தாண்டிப் போய்விடுகிறது, அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் வர வேண்டியதுதான். அடுத்தடுத்த சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஒட்டி எழுதும் கேமல் கேஸ் பெயர்களிலும் இதே கதை. இன்னொன்று, நோட்பேடில் இதே கீ அடுத்த சொல்லின் தொடக்கத்துக்குப் போகும், இங்கே சொல்லின் முடிவிலேயே நின்றுவிடுகிறது, கைக்குப் பழகவே மாட்டேன் என்கிறது. செட்டிங்ஸில் வேர்ட் செப்பரேட்டர்ஸ் என்று சொற்களைப் பிரிக்கும் குறிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறதே, அதில் _ சேர்த்துவிட்டால் போதுமா?

அரைப்புள்ளி:
நிற்கும், ஆனால் சேர்க்காதீர்கள். டபுள் கிளிக்கும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறது. _ சேர்த்த பிறகு முழுப் பெயரையும் காப்பி செய்ய டபுள் கிளிக் செய்தால் முகவரி மட்டும் செலக்ட் ஆகும், ஒரு நாளில் எத்தனை முறை அதைச் செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் போக, கேமல் கேஸுக்கு அது உதவவே உதவாது, ஏனென்றால் பெரிய எழுத்து பிரிப்பான் இல்லையே.

கீபோர்ட் ஷார்ட்கட்ஸைத் திறந்து கர்சர்வேர்ட்பார்ட்ரைட், கர்சர்வேர்ட்பார்ட்லெஃப்ட் என்ற இரண்டு கமாண்டையும் தேடுங்கள். அடிக்கோடு, கேமல் கேஸ் இரண்டிலுமே நடுவில் நிற்கும். மேக்கில் இவற்றுக்கு ஏற்கெனவே கீ உண்டு, விண்டோஸில் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஆல்ட்+அம்பு வைத்திருக்கிறேன். அது முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பிப் போகிற கீ என்பதால் அந்த வசதியை வேறு கீக்கு மாற்ற வேண்டிவரும். ஷிஃப்டோடு செலக்ட் செய்ய, கடைசியில் செலக்ட் என்று முடியும் கமாண்டுகள் தனியாக இருக்கின்றன, அவற்றுக்கும் கீ கொடுங்கள், இல்லையென்றால் நகர்வது ஒரு மாதிரியும் செலக்ட் ஆவது வேறு மாதிரியும் இருக்கும்.

நோட்பேட் பழக்கத்துக்கு, கண்ட்ரோல்+வலதை கர்சர்வேர்ட்ஸ்டார்ட்ரைட்டுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே இப்போது இருப்பது வேர்ட்எண்ட்ரைட்.

ஓடும்கர்சர்:
அருமை, முகவரியில் போய் நிற்கிறது! ஆனால் கண்ட்ரோல்+பேக்ஸ்பேஸ் இன்னும் முழுப் பெயரையும் தின்கிறதே?

அரைப்புள்ளி:
அழிப்பதற்குத் தனி கமாண்ட், டெலிட்வேர்ட்பார்ட்லெஃப்ட். அதை ஆல்ட்+பேக்ஸ்பேஸில் வையுங்கள். கண்ட்ரோல் என்றால் முழுச் சொல், ஆல்ட் என்றால் சொல்லின் ஒரு துண்டு என்று விரல் தானாகப் பிரித்துக்கொள்ளும்.

பழையவிம்:
செப்பரேட்டர்ஸ் பக்கமே போகக்கூடாது என்றில்லை. வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் கிளாஸ் பெயர் முழுக்க - தான், ஒவ்வொன்றிலும் நின்று நின்று போவது எரிச்சல். அந்த மொழிக்கு மட்டும் பட்டியலிலிருந்து - ஐ எடுத்துவிடலாம், மற்ற ஃபைல்களில் அது பழையபடியே இருக்கும்.

விம் எடிட்டரிலும் இதே பொறி உண்டு. எந்தெந்தக் குறிகள் சொல்லில் சேரும் என்று சொல்லும் ஐஎஸ்கீவேர்ட் செட்டிங்கிலிருந்து _ ஐ நீக்கச் சொல்லி நிறைய பேர் எழுதியிருப்பார்கள், செய்தால் நகர்வு சரியாகிவிடும், ஆனால் கர்சர் நிற்கும் சொல்லை * அழுத்தித் தேடும்போது துண்டுப் பெயரைத் தேடும், அடிக்கோடு உள்ள கீவேர்டுகளின் நிறம்கூடப் போய்விடலாம். கேமல்கேஸ்மோஷன் பிளகின் போட்டுக்கொள்வது மேல். ஈமேக்ஸ் எடிட்டர்காரர்களுக்குக் கவலையே இல்லை, சப்வேர்ட் மோடை ஆன் செய்தால் கேமல் கேஸில் நகர்வது, அழிப்பது எல்லாம் சேர்ந்தே மாறிவிடும்.

நாலுஸ்பேஸ்:
ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர் வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட் கீஸ் பக்கத்தில் கேமல்ஹம்ப்ஸ் என்பதை டிக் செய்தால் போதும். டபுள் கிளிக்குக்கு அதைப் பின்பற்ற வேண்டுமா என்று தனி டிக் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள்.