வகுப்பு முடிந்ததும் பெற்றோரின் தன்னம்பிக்கை மதிப்பெண் இறங்கியிருக்கிறது, ஏன்?

தூளி:
குழந்தை வளர்ப்பு வகுப்பு நடத்துகிறேன். முதல் நாளும் கடைசி நாளும், பெற்றோர் தங்கள் திறமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கும் பி.எஸ்.ஓ.சி. கேள்வித்தாள் கொடுத்தேன், 17 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 படி. பாதிப் பேருக்கு மேல் மதிப்பெண் இறங்கிவிட்டது! இத்தனைக்கும் ஆர்வமாக வந்தவர்கள், சொன்னதை வீட்டில் செய்தும் பார்க்கிறவர்கள். வகுப்பு கெடுத்துவிட்டதா, கேள்வித்தாள் சரியில்லையா?

கணக்குப்பிள்ளை:
முதலில் கூட்டலைப் பாருங்கள். அதில் திருப்தி, திறமை என்று இரண்டு பகுதி உண்டு, திருப்திக் கேள்விகள் எதிர்மறையாகக் கேட்கப்பட்டிருக்கும், அதனால் ஒரு பகுதியைத் தலைகீழாக்கிய பிறகுதான் கூட்ட வேண்டும். இரண்டையும் தனித்தனியாகவும் பாருங்கள், குழந்தையைச் சமாளிக்கத் தெரிந்தும் சலித்துப் போனவர்கள் நிறைய.

தூளி:
தலைகீழாக்கித்தான் கூட்டினேன். இறங்கியது திறமைப் பகுதி.

பின்வரிசை:
அப்படியானால் பயப்பட வேண்டாம், இது தெரிந்த சிக்கல்தான். முதல் நாள் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று 6 போட்டவர், குழந்தையின் அழுகையிலும் அடத்திலும் கவனிக்க எவ்வளவு இருக்கிறது என்று புரிந்த பிறகு 4 போடுவார், ஆள் பின்னால் போகவில்லை, கையில் இருக்கும் அளவுகோல் நீண்டுவிட்டது. அடுத்த முறை கடைசி நாளில் இரண்டு கேளுங்கள்: இப்போது எப்படி, வகுப்புக்கு முன் எப்படி இருந்ததாக இப்போது நினைக்கிறீர்கள். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு, வகுப்பு நடத்தியவர் எதிரில் நிற்கும்போது "முன்பு மோசம், இப்போது பிரமாதம்" என்று மனம் கோணாமல் எழுதித் தருவார்கள். பெயர் இல்லாமல் வாங்குங்கள்.

நடுநிசி:
குழந்தைகளின் வயது என்ன? 12 மாதத்துக்கு உட்பட்டது என்றால் 2008-இல் ஆஸ்திரேலியாவில் வந்த காரிட்டேன் அளவுகோல் இருக்கிறது, 15 கேள்விகள்தான், பால் கொடுப்பது, தூங்க வைப்பது, அழுகையை அடக்குவது என்று நேராகக் கேட்கும். தன்திறன் நம்பிக்கையை, அதாவது "இதை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கையைப் பற்றி 1977-இலேயே எழுதிய உளவியலாளர் பண்டூராவும் அது வேலைக்கு வேலை மாறும் என்றுதான் சொன்னார். பொதுவாக "நல்ல பெற்றோரா" என்று கேட்டால் அன்றைய மனநிலைதான் பதிலாக வரும். அப்புறம், மிகக் குறைவாகப் போட்ட அம்மாக்களிடம் தனியாகப் பேசுங்கள், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருந்தாலும் இப்படித்தான் இறங்கும், அதற்குத் தனிக் கேள்வித்தாள் உண்டு.

தூளி:
எல்லாம் கைக்குழந்தைகள்தான். மிகவும் குறைந்தவர்களிடம் இந்த வாரமே பேசிவிடுகிறேன், காரிட்டேனை அடுத்த குழுவுக்கு வைத்துக்கொள்கிறேன்.