புதுப்பிப்பு: வாஷிங்டனில் கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தின் மூத்தவர்களைச் சந்திக்க

ஆண்டுதோறும் ஜனவரியில் அங்கே நடக்கும் 'மார்ச் ஃபார் லைஃப்' என்ற கருக்கலைப்பு எதிர்ப்புப் பேரணியை ஒட்டிப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். பேரணி நாளிலேயே பேட்டி எடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். 1974-இல் நெல்லி கிரே இந்தப் பேரணியைத் தொடங்கிய காலத்து ஆட்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. உறைபனிக் குளிரில் பல மணி நேரம் நின்றவரிடம் நிதானமான பேச்சை எதிர்பார்க்க முடியாது. கூட்ட இரைச்சலில் பதிவும் கெடும்.

பேரணி பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. பேட்டிக்கு அதற்கு முந்தைய புதன், வியாழன் பகல்களைக் கேட்டுப் பாருங்கள். வியாழன் மாலை அமல உற்பவ அன்னை பசிலிக்கா தேவாலயத்தில் இரவு வழிபாடு நடக்கும், கத்தோலிக்க மூத்தவர்கள் பலர் அங்கே வருவார்கள். யூனியன் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோ சிவப்புத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் புரூக்லண்ட். அங்கிருந்து நடை தூரம். உட்கார இடம் வேண்டுமென்றால் வழிபாட்டுக்கு வெகு முன்பே போய்விடுங்கள்.

ஒலிப்பதிவில் ஒரு சிக்கல் உண்டு. தலைநகரிலும் பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவிலும் தனி உரையாடலைப் பதிவு செய்ய, பேசுபவர்களில் ஒருவர் சம்மதம் போதும். இன்னொரு பக்கத்து மாநிலமான மேரிலாந்தில், பேசும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். எங்கே எடுத்தாலும் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வைப்பது நல்லது. குளிரில் போன் பேட்டரி சட்டென இறங்கும், பவர் பேங்க்கை உள்பையில் வையுங்கள்.

திரும்பும் டிக்கெட் மாற்றக்கூடியதாக இருக்கட்டும். 2016-இல் பேரணி முடிந்து கிளம்பிய பேருந்துகள் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் பனிப்புயலில் இரவெல்லாம் சிக்கிக் கிடந்தன.