பிரீமியரிலிருந்து ரிசால்வுக்குக் கொண்டுபோனால் தேங்காய் உடையும் காட்சி இடம் மாறுகிறது

தண்ணீர்மலை, பினாங்கு:
வணக்கம். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி இரதம் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கி வருவதைப் படம்பிடித்து, பிரீமியர் புரோவில் வெட்டி முடித்துவிட்டேன். நிறத்திருத்தம் செய்யும் அண்ணன் கோலாலம்பூரில் இருக்கிறார். அவர் வேலை செய்வது டாவின்சி ரிசால்வில். அனுப்புவதற்கு முன் வெட்டு விவரங்களைச் சுமக்கும் எக்ஸ்எம்எல் கோப்பை எடுத்து என் கணினியிலேயே ரிசால்வில் திறந்து பார்த்தேன். மற்ற காட்சிகள் பிசகாமல் வந்தன. தேங்காய்க் காட்சிகள் இருபதும் நழுவிவிட்டன. ஓடு சிதறி நீர் தெறிக்க வேண்டிய இடத்தில், ஒருவர் குனிந்து தேங்காய் எடுக்கிறார்! அவற்றை வினாடிக்கு 120 பிரேமில் எடுத்து, மெதுவாக ஓடுவதற்காகப் பிரீமியரில் 25 என்று மாற்றியிருந்தேன். உருமிச் சத்தத்துக்கு ஏற்ப ஒவ்வொரு சிதறலையும் வெட்ட மூன்று இரவுகள் விழித்தேன். படத்தின் உயிரே அதுதான். திரும்பக் கையால்தான் பொருத்த வேண்டுமா?

பட்டர்வொர்த் அண்ணன்:
வேண்டாம் தங்கை. நீங்கள் 25 என்று சொன்னது பிரீமியருக்கு மட்டுமே தெரியும். கேமரா எழுதிய கோப்பில் இன்னும் 120தான் இருக்கிறது. இரண்டு வினாடிக் காட்சியில் 240 பிரேம். 25இல் ஓட்டினால் 9.6 வினாடி. ரிசால்வ் பழைய கணக்கில் எண்ணுவதால்தான் இடம் தவறுகிறது.

ரிசால்வில் புதிய புராஜெக்ட் தொடங்கி, எதையும் சேர்க்கும் முன் அதன் பிரேம் வேகத்தை 25 ஆக வையுங்கள். பிறகு மாற்ற விடாது. அடுத்து கிளிப்புகளை மீடியா பூலில் (கிளிப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) போட்டு, தேங்காய்க் கிளிப்புகளுக்கு மட்டும் கிளிப் அட்ரிபியூட்ஸ் என்ற அமைப்பில் 25 கொடுங்கள். கடைசியில் எக்ஸ்எம்எல் கோப்பைச் சேருங்கள். அப்போது மூலக் கிளிப்புகளைத் தானாகச் சேர்க்கும் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட மறக்காதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வெட்டுமேசை:
ஒப்பிட்டுப் பார்க்க, முழுப் படத்தையும் டைம்கோடு (ஒவ்வொரு பிரேமின் நேர எண்) தெரியும்படி ஒரே வீடியோவாக எடுத்து நிறத்திருத்தம் செய்பவருக்கு அனுப்புங்கள். அது இல்லாமல் நான் எந்த வேலையையும் வாங்குவதில்லை. பிரீமியரில் நடுக்கத்தைக் குறைக்க வார்ப் ஸ்டெபிலைசர் போட்ட காட்சிகள் நடுங்கியபடியே போய்ச் சேரும், அதையும் சொல்லிவிடுங்கள். எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் இடிஎல் என்ற வெட்டுப் பட்டியல் வேண்டாம், அது ஒரே வீடியோ தடம்தான் தாங்கும்.

தண்ணீர்மலை, பினாங்கு:
அண்ணா, பதினேழு காட்சிகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன! நடுவில் வேகம் ஏறி இறங்கும் மூன்று மட்டும் ஒட்டவில்லை. அவற்றைப் பிரீமியரிலேயே புரோரெஸ் வீடியோ கோப்புகளாக எடுத்து அதே இடத்தில் வைத்துவிட்டேன். டைம்கோடு வீடியோ இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது.