ஏதென்ஸில் சாமானியர் நடத்திய ஆட்சி: நேரில் பார்த்ததைப் பகிருங்கள்

கடலோடி

பழைய ஏதென்ஸ் மக்களாட்சி என்று ஆரம்பித்தால் அரசியல் தலைவர் பெரிக்ளிஸ், தத்துவஞானி சாக்ரட்டீஸ் என்று நாலு பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தோல் பதனிட்டவரும், ஆலிவ் விற்றவரும், கப்பலில் துடுப்பு வலித்தவரும் எப்படி ஆண்டார்கள்? அங்கே போய்ப் பார்த்தவர்களும் ஆழ்ந்து படித்தவர்களும் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் கப்பல் பிரேயஸ் துறைமுகத்தில் நின்றபோது கரையிறங்க அனுமதி கிடைத்தது. அங்கிருந்து நகருக்குள் போகும் மின்சார ரயில் பழைய அகோராவை, அதாவது அந்தக் காலத்துச் சந்தைவெளியை, ஊடறுத்துக்கொண்டே ஓடுகிறது. அகோராவில் அட்டாலஸ் மண்டபத்தை 1950களில் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதன் உள்ளே அருங்காட்சியகம். சிலைகளுக்கு முன்னால் கூட்டம் நின்றது. நான் நின்றது ஒரு உடைந்த பளிங்குப் பலகைக்கு முன்னால். மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக மெல்லிய துளைகள். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் ஏதென்ஸின் அதிகாரம் அந்தத் துளைகள் வழியாகத்தான் போனது.

அதன் பெயர் கிளெரோதேரியன். சீட்டுக் குலுக்கும் பலகை. நீதிமன்றத்தில் உட்காரத் தகுதியுள்ள ஒவ்வொருவர் கையிலும் அவர் பெயர் பொறித்த சின்ன அட்டை இருக்கும். முதலில் வெண்கலத்தில் செய்தார்கள், பிறகு மரத்தில். விடிகாலையில் வந்தவர்கள் அட்டையைக் கொடுக்க, அதைத் துளைகளில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய். அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகளைக் கலந்து போடுவார்கள். ஒவ்வொன்றாகக் கீழே விழும். வெள்ளை விழுந்தால் அந்தக் குறுக்கு வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் அன்றைக்கு நீதிபதிகள். கறுப்பு விழுந்தால் அந்த வரிசை வீட்டுக்குப் போகலாம்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. தேர்வானவர் ஒரு பாத்திரத்தில் கைவிட்டு, எழுத்துப் பொறித்த காய் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த எழுத்து எந்த நீதிமன்றத்தைக் குறிக்கிறதோ, அந்த நீதிமன்றத்தின் நிறத்தில் ஒரு கோலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கோலின் நிறமும் வாசலின் நிறமும் ஒன்றாக இருந்தால்தான் உள்ளே போக முடியும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, இன்று எந்த வழக்கைக் கேட்கப் போகிறோம் என்று அந்த ஆளுக்கே தெரியாது. பிறகு யாருக்கு லஞ்சம் கொடுப்பது?

மதுரை வழக்குரைஞர்

அதே அருங்காட்சியகத்துக்கு நானும் போயிருக்கிறேன் சார். என்னை நிறுத்தி வைத்தது தண்ணீர்க் கடிகாரம். அடியில் சின்னக் குழாய் வைத்த மண்பானை. ஏறக்குறைய ஆறரை லிட்டர் பிடிக்கும். நிரப்பித் திறந்துவிட்டால் ஆறு நிமிடத்தில் காலி. தண்ணீர் நின்றால் பேச்சும் நிற்க வேண்டியதுதான். வழக்கு பெரிதானால் அதற்கேற்ப அதிகம் தண்ணீர். பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே அளவு.

வக்கீலாக இருபக்கமும் பேசிப் பழகிய எனக்கு அந்த நீதிமன்றத்தின் அமைப்பே பெரிய அதிர்ச்சி. எங்களைப் போன்ற வக்கீல்களுக்கு அங்கே இடமில்லை. சட்டம் படித்த நீதிபதியும் கிடையாது. வழக்காடுபவர் தானே எழுந்து பேச வேண்டும். அதிகம் போனால், காசுக்குப் பேச்சு எழுதித் தருபவரிடம் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். கேட்பவர்கள் 201 பேர், 401 பேர், பொதுக் குற்றம் என்றால் 501 பேர் அல்லது அதற்கும் மேல். முப்பது வயது தாண்டிய 6,000 குடிமக்களின் பெயர் ஒவ்வொரு ஆண்டும் பட்டியலில் இருக்கும். அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசுவதில்லை. பேச்சு முடிந்ததும் நேரே வாக்கு. சமமாக வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை.

வாக்குச் சின்னங்களும் அங்கே இருக்கின்றன. வெண்கல வட்டு, நடுவில் ஒரு அச்சு, சின்னப் பம்பரம் மாதிரி. ஒன்றில் அச்சு கெட்டி, இன்னொன்றில் துளை. ஒவ்வொருவர் கையிலும் இரண்டும் கொடுப்பார்கள். துளையுள்ளது வழக்குத் தொடுத்தவருக்கு, கெட்டியானது எதிராளிக்கு. அச்சின் இரு முனையையும் விரல்களால் மூடிப் பிடித்துக்கொண்டு போட்டால், பக்கத்தில் நிற்பவருக்குக்கூட எது விழுந்தது என்று தெரியாது. யாருடைய நிலத்தில் வேலை செய்கிறோமோ அந்த ஆளுக்கு எதிராகவும் பயமில்லாமல் வாக்குப் போடலாம். ரகசிய வாக்கைக் கைக்குள் அடங்கும் ஒரு பொருளாகப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

கூலியும் உண்டு. பெரிக்ளிஸ் காலத்தில் தொடங்கியது, பிறகு வந்த அரசியல்வாதி கிளியோன் அதை நாளுக்கு மூன்று ஓபோல் நாணயம் ஆக்கினார். கைத்தொழில் தெரிந்தவரின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய ஆறு ஓபோல், அதாவது ஒரு திராக்மா. பாதிக் கூலிதான். ஆனால் வயசானவர்களும் ஏழைகளும் வந்து உட்கார அது போதுமானதாக இருந்தது.

சாக்ரட்டீஸுக்குக் கி.மு. 399-ல் மரண தண்டனை கொடுத்ததும் இப்படிப்பட்ட சாமானியர் மன்றம்தான். இன்னும் முப்பது வாக்கு இடம் மாறியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும் என்று அவர் சொன்னதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வரலாற்று டீச்சர்

நான் பிநிக்ஸ் குன்றைப் பற்றி எழுதுகிறேன். கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில் காலை வைக்க இடமில்லை, எதிரே இருக்கும் பிநிக்ஸில் ஈ காக்கை இல்லை. காய்ந்த புல், பாறை, பாறையிலேயே வெட்டிய ஒரு மேடை. அவ்வளவுதான். மக்கள் சபை கூடிய இடம் அது. கி.மு. 4-ம் நூற்றாண்டில் ஆண்டுக்கு நாற்பது தடவை கூடியது. முக்கியமான சில தீர்மானங்களுக்கு 6,000 பேர் இருந்தாக வேண்டும். கட்டியக்காரர் எழுந்து, "யார் பேச விரும்புகிறீர்கள்?" என்று கேட்பார். எந்தக் குடிமகனும் எழுந்து போகலாம்.

என் மாணவிகளுக்கு நான் எப்போதும் சொல்வது கி.மு. 427-ல் நடந்த மித்திலீன் விவாதம். லெஸ்போஸ் தீவில் உள்ள மித்திலீன் நகரம் ஏதென்ஸை விட்டு விலகி எதிரியான ஸ்பார்ட்டாவோடு சேரப் பார்த்தது. முற்றுகையில் தோற்றது. சபை கூடியது. கோபம் தலைக்கேறிய கூட்டம். அந்த நகரத்தின் வயதுவந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று முடிவு. அன்றே ஒரு கப்பல் அந்த உத்தரவோடு புறப்பட்டுவிட்டது.

இரவு போய் விடிந்ததும் ஊருக்குள் மனசு மாறிவிட்டது. குற்றம் செய்தவர்களோடு நிறுத்தாமல் ஒரு நகரத்தையே அழிப்பதா என்று பேச்சு. உடனே மறுபடியும் சபை கூடியது. கிளியோன் எழுந்து, நேற்றைய முடிவில் உறுதியாக நில்லுங்கள் என்றார். டயோடோட்டஸ் என்ற ஒருவர் எதிர்த்துப் பேசினார். அந்த மனிதரை வரலாற்றில் வேறெங்குமே பார்க்க முடியாது. அவர் இரக்கத்தைக் காட்டி வாதாடவில்லை. எல்லோரையும் கொன்றால், நாளை வேறொரு நகரம் கலகம் செய்து பிறகு வருந்தினாலும் சரணடையாது, கடைசிவரை போராடும், நமக்குத்தான் நஷ்டம் என்றார். கை தூக்கி வாக்கெடுத்தார்கள். ஏறக்குறைய சமம். மயிரிழையில் டயோடோட்டஸ் பக்கம் ஜெயித்தது.

இரண்டாவது கப்பலை அனுப்பினார்கள். முதல் கப்பல் ஒரு பகலும் இரவும் முந்திப் போயிருந்தது. துடுப்புக்காரர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பு வலித்துக்கொண்டே தின்றார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். முன்னால் போனவர்களுக்கோ அந்த வேலையில் மனமில்லை, மெதுவாகவே போனார்கள். படைத்தலைவர் முதல் உத்தரவைப் படித்து நிறைவேற்றத் தயாரான நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை தட்டியது.

இதில் என்னை உலுக்குவது, அந்தத் துடுப்பு வலித்த வர்க்கம்தான் சபையிலும் கை தூக்கியது என்பது. முடிவெடுத்தவர்களின் கையே அதைத் திருத்தவும் ஓடியது. ஆனாலும் கலகத்தின் தலைவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். மக்கள் திருந்தினார்கள் என்று கதையை இனிப்பாக முடிக்க முடியாது.

(ஒரு விஷயம்: இன்று நாம் பார்க்கும் மேடை பிற்காலத் திருத்தம். 427-ல் கூட்டம் நகரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, பேசுபவர் கீழே நின்றார். பிறகுதான் திசையை மாற்றிக் கட்டினார்கள்.)

தறிக்காரி

எல்லோரும் எழுதியதை மதித்தே கேட்கிறேன். "மக்கள்" என்று யாரைச் சொல்கிறீர்கள்? ஏதென்ஸின் தேசிய அருங்காட்சியகத்தில் ஹெகெஸோ என்ற பெண்ணின் கல்லறைக் கல் இருக்கிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே வேலைக்காரப் பெண் நகைப்பெட்டியை நீட்டுகிறாள். செதுக்கிய கை அற்புதமான கை, நான் வெகுநேரம் அங்கேயே இருந்தேன். ஆனால் அந்தக் கல்லில் இருக்கும் இருவரில் ஒருத்தியும் பிநிக்ஸில் வாய் திறக்க முடியாது. கி.மு. 451-ல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, அப்பா அம்மா இரண்டு பேரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் மகன் குடிமகன். குடிமகனைப் பெற்றுத்தர அவள் வேண்டும், வாக்குப் போட மட்டும் வேண்டாம்.

எரெக்தியன் கோயில் கட்டிய கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடிமகன், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர், அடிமை, மூவரும் ஒரே தூணில் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்திருக்கிறார்கள். நாள்கூலி மூவருக்கும் ஒரு திராக்மா. அடிமையின் கூலி எஜமானன் கைக்குப் போகும். சபை கூடுவது பற்றி முதலாமவர் பேசும்போது மற்ற இருவரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

வரலாற்று டீச்சர்

நியாயமான கேள்வி அக்கா. இதைச் சொல்லாமல் ஏதென்ஸைப் பாடமாக நடத்தவே கூடாது. கப்பற்படைக்குக் காசு தந்த லௌரியன் வெள்ளிச் சுரங்கத்தில் தோண்டியவர்களும் அடிமைகள்தான்.

பெர்லின் மாணவி

ஓட்டாஞ்சில்லு பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆண்டுக்கு ஒருமுறை சபை கேட்கும்: இந்த ஆண்டு யாரையாவது நாடு கடத்த வேண்டுமா? வேண்டும் என்றால் பிறகு ஒரு நாள் எல்லோரும் உடைந்த பானைச் சில்லில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். மொத்தம் 6,000 சில்லு சேர்ந்தால் அதிக வாக்கு வாங்கியவர் பத்து நாளில் கிளம்ப வேண்டும். பத்து ஆண்டு வெளியே. சொத்து பறிபோகாது, குற்றவாளி என்ற பெயரும் கிடையாது. முதலில் போனவர் கி.மு. 487-ல் ஹிப்பார்க்கஸ். சலாமிஸ் கடற்போரில் நாட்டைக் காப்பாற்றிய தெமிஸ்டாக்ளிஸையும் பின்னாளில் இப்படித்தான் அனுப்பினார்கள்.

அகோராவில் சில்லுகளைக் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் எழுத்துக் கோணல், சிலவற்றில் எழுத்துப்பிழை. அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் மட்டும் தெமிஸ்டாக்ளிஸ் பெயர் எழுதிய சில்லுகள் 190 கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் வெறும் பதினான்கு பேர் எழுதியவை. எதிரணி முன்கூட்டியே எழுதி, விநியோகிக்க வைத்திருந்தது என்றுதான் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். சாமானியன் கையில் அதிகாரம் இருந்தால், அந்தக் கையைத் தன் பக்கம் இழுக்க ஏற்பாடும் கூடவே வரும். அதற்கான சாட்சியை இத்தனை கிட்டத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்

நான் கிரேக்கம் போனதில்லை. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் "ஏதென்ஸ் அரசமைப்பு" நூலின் மொழிபெயர்ப்பைப் படித்த அனுபவம்தான் என்னுடையது. அந்த நூலே காணாமல் போயிருந்தது. எகிப்தில், ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்கு எழுதிய பாப்பிரஸ் சுருளின் பின்பக்கத்தில் கிடைத்து, 1891-ல் அச்சானது. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பதிவேட்டோடு வாழ்ந்தவன் நான். அதைப் படித்ததும் கைகூப்பத் தோன்றியது.

சபை, நீதிமன்றம் பற்றி எழுதினீர்கள். என்னைக் கேட்டால் உண்மையான ஆட்சி சில்லறை வேலைகளில் இருந்தது. நகரக் கண்காணிப்பாளர் பத்துப் பேர், ஊருக்குள் ஐந்து, பிரேயஸில் ஐந்து. எல்லோரும் குலுக்கலில் வந்தவர்கள். மலம் அள்ளுபவர்கள் நகர மதிலிலிருந்து பத்து ஸ்தாதியத்துக்குள், அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குள், கொட்டாமல் பார்ப்பது அவர்கள் வேலை. கட்டடம் தெருவுக்குள் நீளாமல் பார்ப்பதும் அவர்களே. சந்தைக்கு ஒரு குழு, எடைக்கல்லுக்கு ஒரு குழு, தானிய விலைக்கு ஒரு குழு. போர்த்தளபதிகள் பத்துப் பேரையும், ஊற்றுகளைப் பார்த்துக்கொள்பவரையும், இன்னும் சிலரையும் மட்டும்தான் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். திறமை வேண்டிய வேலை, அதிர்ஷ்டத்துக்கு விடக் கூடாது என்ற தெளிவு இருந்திருக்கிறது.

ஐந்நூற்றுவர் மன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சபைக்கு என்ன விஷயம் போக வேண்டும் என்று தயாரித்தது அதுதான். சீர்திருத்தவாதி கிளைஸ்தனிஸ் கி.மு. 508-ல் வகுத்த பத்துக் குலத்திலிருந்து தலா ஐம்பது பேர், சீட்டுக் குலுக்கி. வாழ்நாளில் ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் உட்காரக் கூடாது. ஒவ்வொரு குலத்து ஐம்பது பேரும் ஆண்டில் பத்தில் ஒரு பங்கு காலம் பொறுப்பில் இருப்பார்கள். அந்த ஐம்பதில் தினம் ஒருவர் குலுக்கலில் தலைவர். ஒரு இரவும் ஒரு பகலும் அரசு முத்திரையும், கருவூலமும் ஆவணங்களும் இருந்த கோயில்களின் சாவியும் அவர் கையில். மறுநாள் வேறொருவர். அதே ஆள் மறுபடி அந்தப் பதவிக்கு வரவே முடியாது.

அது வெறும் சடங்கு இல்லை. கி.மு. 406-ல் அர்கினூசே கடற்போர் முடிந்து, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றவில்லை என்று தளபதிகளை மொத்தமாக ஒரே வாக்கில் கொல்லச் சபை கொந்தளித்தபோது, பொறுப்பில் இருந்த ஐம்பதில் ஒருவர் சாக்ரட்டீஸ். சட்டத்துக்கு விரோதமானது, வாக்குக்கு விட மாட்டேன் என்று நின்றார். அவர் தோற்றார். ஏதென்ஸில் இருந்த ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பிறகு ஊர் வருந்தியது.

மதுரை வழக்குரைஞர்

ஐயா, நீங்கள் சொன்ன அதிகாரிகள் பதவி முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசே கையில் வாங்காதவரும் "வாங்கவில்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தணிக்கை முடியும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது, தன் சொத்தைக் கோயிலுக்கு எழுதி வைக்கக் கூடாது, உயில்கூட எழுதக் கூடாது. விசாரணையில் எந்தக் குடிமகனும் எழுந்து புகார் சொல்லலாம்.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்

பதவி ஏற்கும் முன்னும் விசாரணை உண்டு அம்மா. அப்பா யார், அம்மா யார், குடும்பக் கல்லறை எங்கே, பெற்றோரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாயா, வரி கட்டினாயா, போருக்குப் போனாயா? பிறகு, "இவர்மேல் யாருக்காவது குறை உண்டா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார்கள்.

கடலோடி

முடிந்தது எப்படி என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். கி.மு. 322-ல் மாசிடோனியத் தளபதி ஆண்டிப்பேட்டரிடம் ஏதென்ஸ் தோற்றது. 2,000 திராக்மா சொத்து இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்று அவர் விதித்தார். ஆயிரக்கணக்கான ஏழைகள் ஒரே அடியில் சபைக்கு வெளியே போனார்கள், வடக்கே திரேஸ் பகுதியில் நிலம் தருகிறோம் போங்கள் என்றும் சொன்னார்கள். அதன் பிறகும் பலமுறை மக்களாட்சி திரும்பி வந்து வந்து போனது. நான் முதலில் எழுதிய அந்தக் குலுக்கல் பலகையே இந்தத் தோல்விக்குப் பிற்பட்ட காலத்தைச் சேர்ந்ததுதான்.