கேஜுன் சிக்கன் பாஸ்தா செய்தா க்ரீம் திரிஞ்சு போவுது, என்ன செய்ய?

வெட்டூர்ணிமடம்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகன் லீவுக்கு வந்து நிக்கான். கூட்டுக்காரனுவளோட திருவனந்தபுரம் போனப்ப ஒரு கடைல கேஜுன் சிக்கன் பாஸ்தா தின்னானாம், அன்னையில இருந்து அதே பேச்சு, நல்ல எரிவா இருக்குமாம் ஆனா க்ரீமும் இருக்குமாம், நீ செய்து தாம்மான்னு ஒரே நச்சரிப்பு. சரின்னு வடசேரி போயி பாஸ்தா, க்ரீம், கேஜுன் பொடின்னு ஒரு டப்பா எல்லாம் வாங்கியாச்சு. டப்பா இத்துனூண்டு, வெல கேட்டா தல சுத்தும்.

ஞாயித்துக்கெழம கோயிலு விட்டு வந்து அடுக்களைல ஏறுனேன். கோழி நெஞ்செறச்சி அரைக்கிலோ, கொழம்புக்கு வெட்டுத மாதிரி சின்னச் சின்ன துண்டு, பொடி பெரட்டி சீனிச்சட்டில போட்டேன். அது வெள்ளம் விட்டு அதுலயே கெடந்து வெந்துட்டு. அதோடயே பல்லாரி, கொடமிளகா, தக்காளி ரெண்டு. தக்காளி கொழஞ்சதும் ஃப்ரிட்ஜ்ல இருந்த க்ரீம் பாக்கெட்ட முழுசா ஊத்தி மூடி வச்சுட்டு கரண்டி கழுவப் போனேன், கேஸு ஃபுல்லுல. வந்து தெறந்தா திரிஞ்ச பாலு! வெள்ள வெள்ளயா திரிதிரியா கெடக்கு, மேல செவப்பா எண்ணெ மெதக்குது. பாஸ்தா அங்க வடிகட்டில ஒட்டி ஒரே கட்டி. கோழி ரப்பரு. உப்பு வேற கரிக்கி.

மகன் ஒண்ணும் சொல்லல, ரெண்டு வாய் தின்னுட்டு பைக்க எடுத்துட்டு போயி புரோட்டா வாங்கிட்டு வந்துட்டான். திட்டிருந்தா கூட பரவாயில்ல.

அடுத்த ஞாயிறு மறுபடி செய்யணும். க்ரீம் ஏன் திரியுது, கடைல மட்டும் எப்படி அப்படி வழவழன்னு வருது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருவட்டார்_பேத்தி

எக்கா க்ரீமே வேண்டாம், வீட்டுல தேங்கா இல்லியா? நான் தேங்காப்பால்லதான் செய்யுதேன், ரெண்டு ஈர்க்கு கறிவேப்பில, ஒரு நுள்ளு கரம்மசாலா, அவ்வளவுதான். பிள்ளைய தட்ட வழிச்சு நக்கும்.

தோஹா_கிச்சன்

எக்கா, நான் கத்தார்ல ஒரு ஹோட்டல் அடுக்களைல 6 வருஷம் நின்னவன், இந்த சாதனத்த தெனமும் முப்பது நாப்பது தட்டு போட்டுருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்லுதேன், கோவப்படாதிய.

மொதல்ல பேத்திக்கு. கறிவேப்பிலயும் கரம்மசாலாவும் தேங்காப்பாலும் போட்டா அது கோழிக்கொழம்புல பாஸ்தா. கொள்ளாம், தின்னலாம், ஆனா பையன் கேட்டது அது இல்ல. ஆனா தேங்காப்பால்னு நீங்க சொன்னது நல்லதாப்போச்சு. நம்ம வீடுவள்ல ரண்டாம் பால்லதான கொழம்ப கொதிக்க வைக்கோம், ஒண்ணாம் பால கடசில ஊத்துவோம், தீய கொறச்சு, ஓரத்துல நொர கட்டுனதும் எறக்கிருவோம். ஒண்ணாம் பால் ஊத்திட்டு யாராவது மூடி வச்சு தெளைக்க விடுவியளா? அம்மா கரண்டிய எடுத்து அடிச்சிருவா. க்ரீமும் அதே சாதிதான், அத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதி வேல முடிஞ்சது.

இப்ப உங்க சட்டில நடந்தது என்னன்னா, மூணு காரியம் ஒண்ணா சேந்துட்டு. வெளிநாட்டு ரெசிபில ஹெவி க்ரீம்னு சொல்லுவான், அதுல கொழுப்பு 36 சதவீதத்துக்கு கொறையாது, அது கொதிச்சாலும் தாங்கும். நம்ம ஊரு கடைல சாதாரணமா கெடைக்க பாக்கெட் க்ரீம் 25 சதவீதம், அட்டைலயே போட்டுருக்கும் பாருங்க. அது தாங்காது. ரெண்டாவது தக்காளிப் புளிப்பு. மூணாவது ஃபுல் தீ, அதும் ஃப்ரிட்ஜ் தணுப்போட ஊத்திருக்கிய. கொழுப்பு கொறஞ்ச க்ரீம், புளிப்பு, சூடு, இது மூணும் சேந்தா திரியாம என்ன செய்யும்.

அதனால க்ரீம ஒரு மணிக்கூர் முன்னாலயே வெளிய எடுத்து வச்சிருங்க. தக்காளி ரெண்டு வேண்டாம், ஒண்ணுல பாதி, இல்லன்னா தக்காளி பேஸ்ட் ஒரு ஸ்பூன், நல்லா எண்ணெ பிரியுத வர வதக்கிட்டு அப்புறம் தீய ஒட்டக் கொறைங்க. க்ரீம ஒரு கிண்ணத்துல விட்டு சட்டில உள்ள சூட்டுச் சாறு ஒரு கரண்டி அதுல ஊத்தி கலக்கி, பொறவு சட்டில பைய ஊத்துங்க. பயமா இருந்தா க்ரீம்லயே அர ஸ்பூன் கார்ன்ஃப்ளவர் கரைச்சுக்கிடுங்க, மாவு இருந்தா சீக்கிரம் திரியாது. சுத்தி வர சின்ன குமிழு வந்தா போதும்.

கோழி விஷயம். சின்ன துண்டு போட்டு சட்டி நெறய அடச்சா வெள்ளம்தான் விடும், செவக்காது. நெஞ்செறச்சிய முழுசா வச்சு கத்திய படுக்கப்போட்டு ரெண்டு பரத்த துண்டா கீறுங்க, துணி வச்சு ஈரத்த ஒத்தி எடுங்க, எண்ணெ தேச்சு பொடி தடவுங்க. உங்க வீட்டு இரும்பு தோசக்கல்லு இருக்குல்லா, அத நல்லா காய வச்சு ஒரு பக்கம் நாலு நிமிஷம், திருப்பி மூணு நிமிஷம், எடைல கிண்டப்பிடாது. நடுவுல 74 டிகிரி வரணும், தெர்மாமீட்டர் இல்லன்னா நடுவுல லேசா கீறிப் பாருங்க, உள்ள செவப்பு நிக்கப்பிடாது. எடுத்து தட்டுல அஞ்சு நிமிஷம் சும்மா போட்டுட்டு கடசியிலதான் அரியணும். சுட்ட ஒடனே அரிஞ்சா சாறு ஓடிப்போவும். உங்க கோழி ரப்பர் ஆனது அந்த வெள்ளத்துலயே கெடந்து கூட வெந்ததால. தொட எறச்சி எலும்பெடுத்தது கெடச்சா இன்னும் நல்லது, ரெண்டு நிமிஷம் கூட வெந்தாலும் காயாது.

முக்கியம்: கல்லுல கருகுன மாதிரி ஒட்டிப் பிடிச்சிருக்கும்ல, அத கழுவி ஊத்திராதிய. கால் டம்ளர் வெள்ளம் விட்டு மரக்கரண்டியால சொரண்டி சாஸ் சட்டில சேருங்க. கடை ருசி அங்கதான் இருக்கு.

பாஸ்தா 250 கிராமுக்கு ரெண்டர லிட்டர் வெள்ளம், அட்டைல போட்ட நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னால எடுத்து நேரா சாஸ்ல போடுங்க, வடிகட்டில ஆற விடப்பிடாது. அவிச்ச வெள்ளம் ஒரு டம்ளர் மாத்தி வைங்க, சாஸ் இறுகுனா அதுதான் மருந்து. வாங்கும்போ பாக்கெட்டுக்கு பொறத்த பாருங்க, ட்யூரம் வீட் ரவைன்னு இருக்கணும், மைதா பாஸ்தா கொழஞ்சு போவும்.

வெட்டூர்ணிமடம்_அம்மா

அண்ணே ரொம்ப நன்றி. ஒண்ணாம் பால்னு சொன்னதும் பட்டுன்னு புரிஞ்சுட்டு. உப்பு ஏன் கரிச்சுதுன்னு சொல்லலியே? பொடி டப்பாவும் தீரப்போவுது, மறுபடி அந்த வெலைக்கு வாங்க மனசு வரல.

தோஹா_கிச்சன்

டப்பா பொடில பெரும்பாலும் உப்பு நெறய இருக்கும் எக்கா, அதுக்கு மேல நீங்க கோழிக்கு ஒரு உப்பு, பாஸ்தா வெள்ளத்துக்கு ஒரு உப்பு, சீஸ் போட்டுருந்தா அதுல ஒரு உப்பு. பொடிய வீட்டுலயே கலந்துக்கிடுங்க. காஷ்மீரி வத்தப்பொடி ரெண்டு டீஸ்பூன் (அங்க பாப்ரிகா போடுவான், நெறத்துக்குத்தான், எரிவு கம்மி), எரிவுக்கு நம்ம சாதா வத்தப்பொடி அர டீஸ்பூன், பூண்டுப்பொடி ஒண்ணு, வெங்காயப்பொடி ஒண்ணு, நல்லமொளவு பொடி முக்கால், ஓரிகனோ ஒண்ணு, தைம் அர. உப்பு அதுல சேக்காதிய, தனியா போட்டா கை உங்க கட்டுப்பாட்டுல இருக்கும். அரைக்கிலோ கோழிக்கு இது சரியா இருக்கும், ஒரு ஸ்பூன மட்டும் சாஸுக்கு மாத்தி வச்சுக்கிடுங்க. மல்லிப்பொடி, மஞ்சப்பொடி பக்கம் கையே கொண்டுபோவப்பிடாது, போட்டா அது வேற ஊரு.

பாக்கோடு_தோட்டம்

ஓரிகனோவும் தைமும் எங்க பக்கம் கெடைக்காது, குலசேகரம் வர போயி கேட்டுப் பாத்தாச்சு, பிட்சாவோட வருத சின்ன பாக்கெட்ட சேத்து வைக்க வேண்டியதுதான். ஆனா ஒரு காரியம். தைமோட வாசனைக்கு காரணம் தைமால், அதுதான் ஓமத்துலயும் இருக்கு. ஓரிகனோவுக்கு கார்வக்ரால், அது நம்ம வீட்டு பொறவாசல்ல சளிக்கு நட்டு வச்சிருக்க கற்பூரவல்லில இருக்கு (மேக்க எங்க பக்கம் பனிக்கூர்க்கம்போம்). நான் ரெண்டு எலய பொடிப்பொடியா அரிஞ்சு சாஸ் எறக்கும்போ போடுவேன், ஓமம் ஒரு நுள்ளு, நுள்ளுன்னா நுள்ளுதான், கூடிச்சுன்னா பிள்ள வயித்துவலிக்கு கொடுக்க கஷாயம் மாதிரி ஆயிரும். ஒரு தடவ அப்படி ஆயி வீட்டுல யாரும் தொடல, நாய் கூட மோந்து பாத்துட்டு போயிட்டு.

குளச்சல்_கடப்புறம்

அண்ணாச்சி சொன்ன தோசக்கல்லு காரியத்துல ஒண்ணு விட்டுட்டாரு. பொகை! வத்தப்பொடி தடவுன எறச்சிய காஞ்ச கல்லுல போட்டா வீடே இருமும். நான் மொத தடவ சன்னல அடச்சு வச்சு செய்து, முன்னறைல ஜெபமால சொல்லிட்டு இருந்த அம்மா பாதில எறங்கி ரோட்டுக்கு போயிட்டா. பொறவாசல்ல விறகடுப்பு இருந்தா அங்க செய்யுங்க.

இந்த மாதிரி பொடி தடவி கல்லுல கருக்க சுடுததுக்கு பேரெடுத்ததே மீனுதான் கேட்டியளா. நியூ ஆர்லியன்ஸ்ல பால் ப்ருதோம்னு ஒரு சமையக்காரரு 1980கள்ல ரெட்ஃபிஷ்னு ஒரு மீன வெண்ணெல முக்கி பொடி தடவி வார்ப்பிரும்பு சட்டில சுட்டு கொடுத்து, ஜனம் வரிசைல நின்னு தின்னுச்சு, அங்க அந்த மீனே தட்டுப்பாடா போச்சு. அதனால கோழிதான்னு இல்ல. நாங்க நெய்மீன் துண்டுல செய்வோம், எறால்லயும் செய்வோம், எறாலு பக்கத்துக்கு ஒண்ணர நிமிஷம் போதும், வட்டமா சுருண்டுட்டுன்னா கூடிப்போச்சு. எறாலுன்னா அந்த தலையையும் தோடையும் வெண்ணெல வதக்கி வெள்ளம் விட்டு கொதிக்க வச்சு வடிச்சு சாஸ்ல சேருங்க. க்ரீம் பாதி போதும் பொறவு.

தக்கலைக்காரன்

இவ்வளவு பாடு எதுக்கு, கேஜுன்னா அமெரிக்கா மசாலாதான, ஃப்ரைட் சிக்கன் கடைல போடுத பொடி, அத தூவிட்டா தீந்துச்சு.

பாக்கோடு_தோட்டம்

அப்படி இல்லடே. கேஜுன்னா ஆளுவளோட பேரு. கனடா கிழக்குக் கரைல அகாடியான்னு பிரெஞ்சு பேசுதவங்க இருந்த எடம், 1755ல இருந்து பிரிட்டிஷ்காரன் அவங்கள அடிச்சு வெரட்டுனான், அதுல கொஞ்சம் பேரு கடசில லூசியானா சதுப்புக்காட்டுல போயி ஒதுங்குனாங்க. அகாடியன்ங்கது வாயில தேஞ்சு கேஜுன் ஆச்சு. பல்லாரி, செலரி, பச்சக் கொடமிளகா, இது மூணும் அவங்களுக்கு நம்ம உள்ளி, பூடு, கறிவேப்பில மாதிரி. செலரி கெடைக்காட்டி விட்டுருங்க, ஆனா கொடமிளகாய விடாதிய. க்ரீம் பாஸ்தாங்கது பின்னால ஹோட்டல்காரன் சேத்த சேர்க்கைன்னுதான் எனக்கு படுது, அதுக்காக ருசி இல்லாம போயிருமா.

வெட்டூர்ணிமடம்_அம்மா

இன்னைக்கு செய்தாச்சு! க்ரீம் திரியல!!

தீய கொறச்சு, கேஸு அணஞ்சு போச்சோன்னு குனிஞ்சு பாத்து பாத்துதான் ஊத்துனேன். சட்டி ஓரத்துல சின்னதா குமிழு வந்துச்சு, சாஸு செங்கல் நெறத்துல பளபளன்னு, கரண்டிக்கு பொறத்த வெரல வச்சு கோடு கீறுனா கோடு அப்படியே நிக்கி. பாஸ்தா வெள்ளம் ரெண்டு தடவ ஊத்த வேண்டி வந்துச்சு, இறுகிட்டே போவுது அது. சீஸ் க்யூப் ரெண்டு துருவிப் போட்டேன், அது நல்லா கரைஞ்சுட்டு, போன வாரம் வாங்குன துருவுன சீஸ் பாக்கெட் அப்படி கரையல, நூலு நூலா நின்னுச்சு. கோழிய தோசக்கல்லுல போட்டப்ப பொக வந்து பக்கத்து வீட்டு மைனி மதிலுக்கு மேல எட்டிப் பாத்து என்ன கருகுதுன்னு கேட்டா. கருகலதான், கருக்குதேன்னேன்.

தப்பு ஒண்ணு நடந்துட்டு. வத்தப்பொடி அர டீஸ்பூன்னு சொன்னத நான் எங்க வீட்டு கரண்டில அளந்துட்டேன், மகனுக்கு மூக்குல வடிஞ்சுட்டு, ஆனாலும் விடல, ரெண்டாவது தட்டு போட்டான். கடைல தின்னதவிட எரிவு கூடுதல், ஆனா கோழி இதுதான் கொள்ளாம்னான். புரோட்டா கடைக்கு போவல இன்னைக்கு.

கொஞ்சம் மிச்சம் இருக்கு, ராத்திரி சூடாக்குனா திரியுமா? பொறவு அந்த பொடி அளவ யாராவது திரும்ப ஒருக்கா சொல்லுங்க, கலந்தது எல்லாம் தீந்துட்டு, மிச்சம் இருந்தத அம்மா அவிச்ச மரச்சீனில தூவி தின்னுட்டா.

தோஹா_கிச்சன்

சட்டில ரெண்டு ஸ்பூன் பால் விட்டு சிம்முல பைய கிண்டுங்க, திரியாது. மைக்ரோவேவ்ல வச்சா எண்ணெ பிரிஞ்சிரும். பொடி அளவு மேலதான கெடக்கு எக்கா, கொஞ்சம் ஏறிப் பாருங்க. டீஸ்பூன்ல அளக்கணும், கரண்டில இல்ல.