சிராகூசா விரிகுடாவில் நங்கூரம் போட்டவர்கள் சொல்லுங்கள்

கடல்காகம் எழுதியது:

கிரீஸ் பக்கமிருந்து அயோனியன் கடலைக் கடந்து மால்டாவுக்குப் போகிற பாய்ப்படகுகள் பல, சிசிலியின் சிராகூசாவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் போகும். பழைய நகரம் ஓர்த்தீஜியா என்ற சின்னத் தீவில் இருக்கிறது. அதன் மேற்கே கிடக்கும் விரிகுடாவுக்குப் பெயர் போர்த்தோ கிராந்தே. மெரினா என்ற படகுத்துறையில் காசு கொடுத்துக் கட்ட மனமில்லாதவர்கள் இங்கேதான் நங்கூரம் போடுவார்கள். நண்பரின் படகில் கூடப்போன நானும் அந்தக் கட்சிதான்.

கிழக்கிலிருந்து நுழையும்போது வலது கைப்பக்கம் மனியாச்சே கோட்டை. 13-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடரிக் பேரரசர் கட்டியது. இடப்பக்கம் பிளெம்மீரியோ முனை. நடுவில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் அகலத்தில் வாய். உள்ளே போனதும் கடல் அப்படியே அடங்கிவிடும். ஆழம் ஆறு மீட்டர், அடியில் நல்ல சேறு. படகின் முன்பக்கமான அணியத்தின் உயரத்தையும் கூட்டி ஏழு மீட்டர் என்று கணக்கு வைத்து, அதற்கு ஐந்து மடங்காக முப்பத்தைந்து மீட்டர் சங்கிலி விட்டோம். சேற்றில் அவசரம் கூடாது. நங்கூரம் தன் கனத்தில் கொஞ்சம் அமிழட்டும் என்று விட்டுவிட்டு, பிறகுதான் மெதுவாக ரிவர்ஸ் கொடுக்க வேண்டும். சங்கிலிமேல் கையை வைத்துப் பாருங்கள். நங்கூரம் இழுபட்டால் கடகடவென்று ஒரு நடுக்கம் கையில் ஏறும். பிடித்துவிட்டால் சங்கிலி விறைத்து அசைவற்று நிற்கும்.

எஞ்சினை அணைத்த சற்று நேரத்தில் பக்கத்து இரும்புப் படகிலிருந்து ஒரு பெரியவர் டிங்கி என்ற சின்னக் கைப்படகைத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். தனியாக ஓட்டுகிறவர், டச்சுக்காரர். வணக்கம், நலமா எதுவும் இல்லை. எடுத்த எடுப்பில், "எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறீர்கள்?" என்றார். சொன்னோம். தான் ஐம்பது மீட்டர் விட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, இரண்டு படகுக்கும் இடையிலிருந்த தண்ணீரைக் கண்ணாலேயே அளந்தார். "போதும். காற்று அடிக்கிறபோது எல்லாப் படகும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். காற்று நின்ற பிறகுதான் யார் எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறார்கள் என்பது வெளிச்சத்துக்கு வரும்" என்றார்.

அன்று சாயங்காலம் வாடகைப் படகு ஒன்று வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நுழைந்தது. நங்கூரம் தண்ணீரைத் தொட்ட மாத்திரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. ரிவர்ஸ் இழுத்துப் பார்க்கவே இல்லை. ஆறேழு பேரும் குளித்து உடுத்து டிங்கி ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஓர்த்தீஜியா அப்படி இழுக்கும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அதீனாவுக்குக் கட்டிய கோயிலின் தூண்கள் இன்றைக்கும் பேராலயத்தின் சுவருக்குள் நிற்கின்றன. வெளியே தெருவில் நின்றே எண்ணலாம்.

இருட்டியபின் மேற்கிலிருந்து இடியும் காற்றும் சேர்ந்து வந்தது. வாடகைப் படகு அமைதியாக எங்களை நோக்கி நகர ஆரம்பித்தது. கத்திப் பயனில்லை, அதில் ஆளே இல்லை. நாங்கள் இடிதாங்கும் ஃபெண்டர் மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பெரியவர் மழையில் அந்தப் படகுமேல் ஏறிவிட்டார். சங்கிலியை ஏற்றி இறக்கும் விண்ட்லாஸின் பிரேக்கைத் தளர்த்திச் சங்கிலியை முழுக்க ஓடவிட்டார். எங்களைத் தாண்டி இன்னும் கொஞ்சம் பின்னே போய், படகு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஆளில்லாத படகில் ஏறுவது சாதாரணமாக மரியாதையில்லை. இழுபடும் படகு என்றால் மட்டும் கடலில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நள்ளிரவில் திரும்பி வந்தவர்கள் பழைய இடத்தில் டிங்கியை வட்டமடித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். "எங்கள் படகை யார் நகர்த்தியது?" என்று கோபமாகக் கேட்டார் ஒருவர். டச்சுக்காரர், "உங்கள் நங்கூரம்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுத்துவிட்டார்.

கி.மு. 413-இல் ஏதென்ஸின் கப்பற்படை அழிந்தது இதே தண்ணீரில்தான். சந்திர கிரகணம் வந்தது என்று தளபதி நிகியாஸ் குறிகாரர்கள் பேச்சைக் கேட்டு மூன்று ஒன்பது நாள், அதாவது இருபத்தேழு நாள், புறப்பாட்டைத் தள்ளிப்போட்டார். அதற்குள் சிராகூசாக்காரர்கள் விரிகுடாவின் வாயில் குறுக்கே கப்பல்களை நங்கூரமிட்டு நிறுத்தி அடைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறு கப்பல் போல இந்தச் சின்ன இடத்தில் மோதின. பின்வாங்கி வேகமெடுத்து இடிப்பதற்கு இடமே இல்லை. கடல்போரில் கெட்டிக்காரர்களான ஏதென்ஸ்காரர்களின் வித்தை அங்கே செல்லவில்லை. நடுவில் நுழையப் பார்க்கும் படகைக் கண்டால் எனக்கு இப்போது இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

நெய்தல்நிலம் எழுதியது:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அந்தச் சேற்றைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். ஆனால் கிளம்புகிற அன்று விடாது. மேற்குக் கரையில் சியானே ஆறு வந்து விழுகிறது, சதுப்பு நிலம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி அப்பிக்கொண்டு மேலே வரும். வாளி வாளியாகக் கடல்நீர் ஊற்றி, நீளக் கைப்பிடி பிரஷால் தேய்த்தபடி, ஒரு நேரத்தில் ஒரு மீட்டர் வீதம்தான் ஏற்ற முடிந்தது. அப்படியே லாக்கரில் போட்டால் வாரக்கணக்கில் நாறும் என்று கேப்டன் அக்கா விடவே இல்லை. நான் பத்து மீட்டருக்கு ஒன்றாகக் கட்டியிருந்த நிற டேக் எல்லாம் சேற்றில் ஒரே நிறம்!

குடிதண்ணீர் பிடிக்க ஓர்த்தீஜியாவுக்குப் போனபோது அரெத்தூசா ஊற்றைப் பார்த்தோம். கடலுக்கு ஒட்டினாற்போல நன்னீர், அதில் பாப்பிரஸ் புல், வாத்துகள். 1798 ஜூலையில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் தன் கப்பல்களுக்குத் தண்ணீர் நிரப்பியதும் இந்த ஊரில்தான். அடுத்த சில நாளில் பிரெஞ்சுக் கப்பற்படையோடு நைல் போர். நாங்கள் கேன்களோடு நின்றது சாதாரணக் குழாயடியில், அதுவும் வரிசையில்.

வாடைக்காற்று எழுதியது:

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். தெற்கே முனையைச் சுற்றி வெளிப்பக்கம் பிளெம்மீரியோ கடல் பாதுகாப்புப் பகுதி, 2004-இல் அறிவித்தது. தண்ணீர் பளிங்காக இருக்கிறதே என்று அங்கே நினைத்த இடத்தில் நங்கூரத்தைப் போட்டுவிடாதீர்கள். அங்கே மண்டல வாரியாகக் கட்டுப்பாடு உண்டு. விரிகுடாவுக்குள் எந்த இடத்தில் போடலாம் என்பதையும் வி.எச்.எஃப் ரேடியோவின் சேனல் 16-இல் துறைமுக அதிகாரியிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

இன்னொன்று, முடிந்தவரை பகலில் உள்ளே போங்கள். ராத்திரியில் ஓர்த்தீஜியாவின் கரை விளக்குகளுக்கு முன்னால் பாய்மர உச்சியில் எரியும் நங்கூர விளக்குகள் கண்ணுக்கே படாது. பக்கத்தில் போன பிறகுதான் அங்கே ஒரு படகு நிற்பது தெரியும். நாங்கள் சட்டப்படி உச்சியில் விளக்கைப் போட்டுவிட்டு, பின்பக்க ரெயிலில் ஒரு சோலார் விளக்கையும் தாழ்வாகக் கட்டிவிடுவோம். டிங்கியில் வருகிறவர்களின் கண்மட்டத்தில் அதுதான் இருக்கும். ஊர் சுற்றிவிட்டு இருட்டில் திரும்பும்போது நம் படகு எது என்று தேடி அலையவும் வேண்டாம்.